இந்தா, உம் புள்ளை

மலைமேல் விசாரணைக்குப் போகப்போகும் இளம் நன்னடத்தை அலுவலர்களே, காலைப் பஸ்ஸில் போகாதீர்கள். காலைப் பஸ் உங்களை ஏற்காட்டில் இறக்கிவிடும்போது எஸ்டேட் பெண்கள் எல்லோரும் காப்பிச் செடிகளுக்கு நடுவே இருப்பார்கள். நீங்கள் பார்க்கப்போவது பூட்டை. பூட்டைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "வீடு பூட்டியிருந்தது, பெற்றோர் அக்கறையற்றவர்கள்" என்று அறிக்கை எழுதுவது நம் துறையின் பழைய கலை. அதில் தேர்ந்தவர்கள் பதவி உயர்வு பெற்று ஓய்வு பெற்றார்கள். நான் ஓய்வு மட்டும் பெற்றேன்.

குற்றம் செய்த சிறுவனின் வீட்டைப் பார்த்து, அவனைத் தாயோடு அனுப்பலாமா, அரசின் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கலாமா என்று நீதிமன்றத்துக்குச் சொல்வது நம் வேலை. நான் சேர்ந்த காலத்தில் எனக்கு வேலை பழக்கிய மூத்த அதிகாரிக்கு ஒரே ஒரு சித்தாந்தம் உண்டு: கேள்வி வராத அறிக்கையே நல்ல அறிக்கை. தகப்பன் இல்லாத வீடா, "கண்டிக்க ஆளில்லை" என்று எழுது. மேலே இருப்பவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கீழே இருப்பவர்களுக்குக் கேட்கத் தெரியாது. அவர் கெட்டவர் இல்லை. மதியச் சாப்பாட்டை எல்லோருக்கும் பங்கு வைப்பவர். அந்த இரண்டு சொல்லால் அவர் உள்ளே அனுப்பிய பையன்களில் ஒருவனைக்கூட அடித்திருக்க மாட்டார்.

"கண்டிக்க ஆளில்லை" என்பது எப்போது பொய், எப்போது உண்மை என்று எனக்குக் காட்டியது ஒரு குடும்பம். அதை மட்டும் சொல்கிறேன். படிவங்களைப் பற்றி உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்திருப்பார்கள்.

எழுபதுகள் முடியும் நேரம். ஒரு காப்பி எஸ்டேட்டின் களத்தில் காயப்போட்டிருந்த கொட்டையை ஒரு பையன் சட்டைக்குள் அள்ளிக்கொண்டு போய்க் கடையில் கொடுத்து முறுக்கு தின்றுவிட்டான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் போலீசுக்குப் போய்விட்டார். பையனுக்கு எட்டு வயது. பெயர் சகாயம், அவனுக்குக் கிடைத்த சகாயம் பெரும்பாலும் அந்தப் பெயர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. தகப்பன் கூர்க் பக்கம் வேலைக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். தாய் ஆரோக்கியம் பழம் பறிக்கிறவள்.

நானும் காலைப் பஸ்ஸில்தான் போனேன். லைன் வீடுகள் என்றால் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டிருக்கும் அறைகள். சகாயத்தின் அறை பூட்டியிருந்தது. பக்கத்து அறை வாசலில் ஒருத்தி இரண்டு காலாலும் பானையை அணைத்துக்கொண்டு களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"சகாயம்ங்கிற பையன்…"

"எம் புள்ளைதானுங்க," என்றாள், நிமிராமல். "இன்னைக்கு என்ன பண்ணுனான்?"

நான் உட்கார்ந்து குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். பையன் சொல் பேச்சு கேட்பானா?

"கேக்கலீன்னா களி கெடைக்காதுங்க."

அடிப்பது உண்டா?

"பின்ன கொஞ்சிக்கிட்டா இருப்பாங்க? காப்பிக்கொட்டைக்கு அன்னைக்கே போட்டாச்சு. ரைட்டர் ஊட்டு முன்னால நிக்க வெச்சு மன்னிப்பும் கேக்க வெச்சாச்சு. அந்தாளு மன்னிப்பையும் வாங்கிக்கிட்டுப் போலீசுக்கும் போயிருக்கறான் பாருங்க. ஒரே மாட்டுக்கு ரெண்டு சந்தையில வெலை பேசறவன்."

தாய் பற்றிய பகுதி முழுவதும் திருப்தியாக நிரம்பிவிட்டது. கடைசியில் பெயரைச் சரிபார்த்தேன். "பொன்னாயிங்க," என்றாள்.

"ஆரோக்கியம் இல்லையா?"

"அவ பழம் பறிக்கப் போயிருக்கறா."

"அப்படியானால் நீங்கள் பையனுக்குத் தாய் இல்லையா?"

களி கிண்டிய துடுப்பு நின்றது. "தாய்தானுங்க. பொழுது இருக்கற வரைக்கும் நானு, பொழுது உழுந்தா அவ. நாளைக்கு நான் செடிக்குப் போனா எம் புள்ளைகளுக்கு அவ தாய். ஏனுங்க, உங்க காயிதத்துல ரெண்டு பேருக்கு எடமில்லீங்களா?"

இல்லை. இன்றும் இல்லை.

அன்று மாலைவரை இருந்துவிட்டேன். பொழுது சாய்ந்ததும் பெண்கள் திரும்பினார்கள். கை கால் கழுவாமலே ஆரோக்கியம் பொன்னாயி வாசலில் வந்து நின்றாள். மெலிந்தவள், முந்தானையில் பழக்கறை. பொன்னாயி பையனின் தோளைப் பிடித்து முன்னே தள்ளினாள்.

"இந்தா, உம் புள்ளை. ரெண்டு போட்டிருக்கறேன், நீ போடாதே. களி தின்னுட்டான்."

"எதுக்கு போட்டே?"

"அது எனக்கும் அவனுக்கும். உனக்கென்ன?"

ஆரோக்கியம் சிரித்துக்கொண்டே பையனை அழைத்துப் போனாள். அந்த லைனில் வழக்கம் அதுதான். காலையில் ஒப்படைக்கிறவள், "இனி உம் புள்ளை" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் சோறு போடவும் அடி போடவும் மற்றவளுக்கு முழு உரிமை. மாலையில் திருப்பிக் கொடுக்கிறவள், "இந்தா, உம் புள்ளை" என்று சொல்லி, போட்ட அடியையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தப்புக்குப் பையன் இரண்டு தடவை அடி வாங்கக் கூடாதல்லவா. ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனை இல்லை என்று அரசியல் சாசனத்தில் எழுதியிருக்கிறது. லைனில் எழுதாமல் நடந்துகொண்டிருந்தது.

"இவ்வீட்டில் கண்டிக்க ஆள் தேவைக்கு மேல் இருக்கிறது" என்று அறிக்கை எழுதினேன். மூத்த அதிகாரி அதைச் சிவப்பு மையில் அடித்து, "நக்கல் வேண்டாம்" என்று ஓரத்தில் எழுதி, "தாயின் கண்காணிப்பு திருப்திகரம்" என்று மாற்றினார். பையனை எச்சரித்து விட்டுவிட்டார்கள். அடுத்த சில வருடங்கள் அவன் பெயர் எங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒரு வரி. நான் மலைமேல் தாய்மார்களின் கண்காணிப்பை அளந்துகொண்டிருந்த நாட்களில் சேலத்தில் என் இரண்டு பிள்ளைகளை என் நாத்தனார் பார்த்துக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் நான் வேலையை விட்டிருப்பேன், அல்லது என் பிள்ளைகள் கோப்பாகியிருப்பார்கள். என் வீட்டுச் சூழல் குறித்து யாரும் அறிக்கை கேட்கவில்லை.

எண்பதுகள் பிறந்து இரண்டு மூன்று வருடத்தில் அந்த எஸ்டேட் கை மாறியது. புது முதலாளிக்குக் காப்பியைவிடக் காட்சி பிடித்திருந்தது. லைன் வீடுகள் இருந்த சரிவில்தான் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அங்கே விருந்தினர் குடில்கள் வந்தன. லைன் ஆட்கள் கலைந்தார்கள். பொன்னாயி கரடியூரில் தம்பி வீட்டுக்குப் போய் அவன் கேழ்வரகுக் காட்டில் வேலை செய்தாள். ஆரோக்கியம் கிளியூர்ப் பக்கம் வாடகைக்கு ஓர் அறை பிடித்தாள். பகலில் எங்கோ தூரத்து எஸ்டேட், மாலையில் ஒரு ஓட்டலில் பாத்திரம். சட்டப்படி யாருக்கும் எந்தத் தீங்கும் நடக்கவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வரிசை அறைகளை இடித்தால் எத்தனை தாய்கள் இடிவார்கள் என்று கேட்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

சீசன் நேரத்தில் ஒரு நாள், ஏரிக்கரையில் கண்ணாடி இறக்கி நின்ற காரிலிருந்து ஒரு கேமரா போயிற்று. கூட இருந்த பெரிய பையன்கள் ஓடிவிட்டார்கள். கேமராவோடு அகப்பட்டவனுக்கு வயது பதிமூன்று. கோப்பைத் திறந்தேன். சகாயம்.

இந்த முறை மாலைப் பஸ்ஸில் போனேன். அப்போதும் பூட்டுதான். சாவியைப் பையனிடம் கொடுக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் அவன் ஏரிக்கரைக்குப் போனான். பிறகு பள்ளிக்கூடம் விடும்வரை காத்திருப்பதையும் விட்டான். வீட்டுக்காரரின் மனைவியிடம் விசாரித்தேன்.

"நல்ல பொம்பளைதானுங்க. இருட்டோட போறா, இருட்டோட வாறா. பையன்தான் தறுதலை."

"ஒரு தடவையாவது கூப்பிட்டுக் கண்டித்தீர்களா?"

"ஏனுங்க, ஊரான் ஊட்டுப் புள்ளையை நாம தொட முடியுங்களா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்றது?"

அவள் சொன்னது நியாயம். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆரோக்கியம் வந்ததும் கதவைத் திறந்து, அறையில் இருந்த ஒரே முக்காலியைத் துடைத்து எனக்குப் போட்டாள். "வந்த புதுசுல கேட்டுப் பாத்தனுங்கம்மா," என்றாள். "'இனி உங்க புள்ளைங்க, பாத்துக்குங்க'ன்னு வாசல்ல நின்னு சொன்னேன். 'எனக்கு இருக்கற ரெண்டு போதும் ஆத்தா'ன்னு சிரிச்சுப்போட்டாங்க. அப்பறம் நான் ஆரையும் கேக்கலீங்க. கேக்க வெக்கமா இருந்துச்சு."

"நீங்கள் அவனைக் கண்டிப்பதில்லையா?"

"எப்பங்க கண்டிக்கறது? நான் வர்றப்ப அவன் தூங்கிப்போயிருப்பான், வாசப்படியிலயே. தூங்கற புள்ளையை எழுப்பியா அடிக்கறது?"

இதோ, "கண்டிக்க ஆளில்லை" உண்மையாகிவிட்டது. அதே தாய், அதே மகன். நடுவில் ஒரு சுவர்தான் போயிருந்தது. ஆனால் அந்தச் சொல்லை எழுதினால் பையன் உள்ளே போவான். எழுதாவிட்டால் போலீஸ் கோப்பு எழுதிக்கொள்ளும்.

எனக்கு நடைமுறை தெரியும். பெற்றோரால் முடியாதபோது தகுதியுள்ள வேறொருவரிடம் பிள்ளையை ஒப்படைக்கச் சட்டத்தில் வழி இருந்தது. யாரும் அதைத் தொடுவதில்லை. தகுதியை நிரூபிப்பதற்குள் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும். ஆனாலும் கரடியூருக்குப் போனேன். பொன்னாயி களத்தில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தாள். அவளுக்கு முந்தி அவள் தம்பி பேசினான்.

"மாதா கோயிலுக்குப் போற வேதக்காரப் பையனை இங்க கொண்டாந்து வெச்சுக்கிட்டா, நாளைக்கு எம் பொண்ணைக் கேட்டு வர்றவன் என்ன நெனைப்பான்?"

"உம் பொண்ணைக் கேட்டு மலையடிவாரம் வரைக்கும் வரிசை நிக்குதா? வாயை மூடுடா." என்னைப் பார்த்துத் திரும்பினாள். "அவன் எங்கிட்டத் தின்ன களியில வளந்தவனுங்க. எங்க வரோணும், சொல்லுங்க."

வந்தாள். சேலத்து நீதிமன்ற வராந்தாவில் இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பையன் போலீஸ்காரர் பக்கத்தில் நின்று பொன்னாயியை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"என்னடா பாக்கறே? கேமராவுல எங்க மூஞ்சியப் புடிச்சியா?" என்றாள் அவள். பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஏனென்றால் அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

நான் ஆரோக்கியத்தைத் தனியே அழைத்தேன். "உள்ளே ஐயா கேட்டால், 'நான் பாத்துக்கறேன், பொன்னாயி ஒத்தாசை பண்ணுவா' என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் வேண்டாம்." இரண்டு முறை சொல்லிக் காட்டச் சொன்னேன். சரியாகச் சொன்னாள்.

உள்ளே போனோம். அன்று வழக்குகள் அதிகம். நீதிபதி முதலில் பொன்னாயியை நிமிர்ந்து பார்த்தார்.

"பையனுக்கு நீங்க என்ன வேணும்?"

பொன்னாயிக்கு அவர் என்ன உறவு என்று கேட்பது விளங்கவில்லை. லைனில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. "எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்கய்யா," என்றாள் பதறிப்போய். "பையனை உட்டாப் போதும்."

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதியும் லேசாகச் சிரித்துவிட்டு, "உறவு ஏதுமில்லை" என்று எழுதச் சொன்னார். நான் எழுந்து வழக்கத்தை விளக்க ஆரம்பித்தேன். கையமர்த்தினார். பிறகு ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பினார். கடுமையாகக் கேட்கவில்லை. அன்பாகத்தான் கேட்டார். கெட்டது அங்கேதான்.

"ஏம்மா, பையனை நீ பாத்துக்குவியா? இல்லே, நாங்க பாத்துக்கணுமா?"

ஆரோக்கியம் அவரைப் பார்த்தாள். மேடை, மின்விசிறி, கறுப்பு அங்கி. இத்தனை வருடங்களில் அவளுடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தானாக முன்வந்த இரண்டாவது மனிதர். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

கும்பிட்டாள். "இனி இவன் உங்க புள்ளைங்கய்யா," என்றாள். "நீங்களே பாத்துக்குங்க."

"தாய் பையனை அரசின் பொறுப்பில் விட விரும்புகிறார்," என்று நீதிபதி சொல்ல, எழுத்தர் எழுதினார்.

"ஐயா, அது மலைப் பேச்சு," என்றேன். "பகல் பொழுதுக்கு ஒப்படைப்பதை அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளை வேண்டாம் என்று அர்த்தமில்லை."

"எனக்கும் தமிழ் தெரியும், மேடம்," என்றார் அவர். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும், சொல்லிக்கொடுத்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்குக் கோபம்.

"அத்தனை பெரியவங்க பாத்துக்கறேங்கறாங்க. 'வேண்டாமுங்க, நானே பாத்துக்கறேன்'னா மரியாதையா இருக்குமுங்களா? அப்பறம் எந்த மனசோட பாத்துக்குவாங்க?"

பொன்னாயி மட்டும் எதையோ மோப்பம் பிடித்திருந்தாள். "ஏ ஆரோக்கியம், வண்டியில ஏத்தறாங்கடி," என்றாள். ஆரோக்கியம் அமைதியாகத் தலையாட்டினாள். பொன்னாயி கடைசிப் பஸ்ஸுக்குப் போக வேண்டியிருந்தது; தம்பி வாசலில் காத்திருப்பான். ஆரோக்கியம் போகவில்லை. வராந்தாத் தூணோரம் உட்கார்ந்துகொண்டாள். நான் அலுவலக வேலையை முடித்துக்கொண்டு திரும்ப அந்த வழியே வந்தபோது காவலாளி கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"இந்தம்மாவைப் போகச் சொல்லுங்க மேடம். பையனைக் குடுப்பாங்கன்னு உக்காந்திருக்குது."

பொழுது சாய்ந்திருந்தது. அவள் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் கேட்டாள்: "எங்க வந்து கூட்டிக்கோணுமுங்க?"

அவனுக்குப் பதினெட்டு வயது முடிய வேண்டும் என்று நான் சொன்னேன். அதைச் சொல்வதற்கு எந்த நடைமுறையும் இல்லை. வாயால்தான் சொல்ல வேண்டும்.

முன்கூட்டியே விடுவிக்க மனுப் போடலாம். போட்டேன். வருடம் தவறாமல் போட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வந்தது: தாய் தனியாக வசிக்கிறார், வீட்டுச் சூழலில் மாற்றமில்லை. வீட்டுச் சூழலை மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதினேன். அது எங்கள் துறையின் வரம்பில் வராது என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் குறை சொல்ல முடியாது. உண்மையிலேயே வராது. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்துக்கொள்ள அரசிடம் கட்டடம், சமையல்காரர், காவலர், கண்காணிப்பாளர் எல்லாம் உண்டு. பகலில் அவனைப் பக்கத்து வீட்டில் உட்காரவைக்க ஒரு வழியும் கிடையாது. இருந்த வழியும் ஒரு சரிவில் நல்ல காட்சியை மறைத்துக்கொண்டிருந்தது.

சகாயம் பிறகு என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பெரியவனாகி சேலம், ஓமலூர் என்று சுற்றினான். அவன் பெயர் வேறு அலுவலகங்களின் கோப்புகளுக்குப் போய்விட்டது. அவை எனக்கு வரமாட்டா. அதற்கு முன் ஒரு மாலையோடு என் பொறுப்பு முடிந்தது.

தொண்ணூறு பிறக்கும் சமயம். விடுதலையானவனை வீடு சேர்த்துக் கையெழுத்து வாங்குவது என் கடமை. மாலைப் பஸ்ஸில் கூட்டிப் போனேன். மீசை முளைத்திருந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோரும் கம்பியைப் பிடித்தபோது அவன் கையைக் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். "கம்பியைப் பிடித்துக்கொள்," என்றேன். சொன்ன பிறகு பிடித்தான். பொன்னாயி இல்லை, இரண்டு மழைக்காலத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டாள். அவனிடம் சொன்னேன். "சரிங்க மேடம்," என்றான்.

ஆரோக்கியம் அன்று வேலைக்குப் போகவில்லை. வாசலில் நின்றிருந்தாள். முடி பாதி நரைத்திருந்தது. அவன் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, உள்ளே வரச் சொல்வதற்காக நின்றான்.

வழக்கப்படி சொல்ல வேண்டியவள் நான். வேறு ஆள் இல்லை.

"இந்தாங்க, உங்க புள்ளை," என்றேன்.

"வா கண்ணு," என்று அவள் அவன் தலையைத் தடவக் கையை உயர்த்தினாள்.

அவன் இரண்டு முழங்கைகளையும் தூக்கித் தலையை மறைத்துக்கொண்டான். அவ்வளவு வேகமாக. பழகிய வேகம். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

அவள் கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஒரு விவரம் விட்டுப்போயிற்று, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

"எத்தனை போட்டீங்கன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே, அம்மா."